சூடம் எங்கே போகிறது?

“தை மாசம் வாங்கி வெச்ச சூட டப்பா சார். நேத்து தொறந்தா பாதிக்கு மேல காணோம். எலி கிலி தின்னுடுமா அத?”

நோணாங்குப்பம் போட் ஹவுசில் படகு ஓட்டும் தம்பி கேட்ட கேள்வி இது. கடலூர் சாலையோர டீக்கடையில் சாயங்காலம் இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால், இப்படி எதையாவது எடுத்துப் போடாமல் இருக்கமாட்டார். நான் வேதியியல் படித்தவன் என்று எப்போதோ சொன்னதன் பலன். கடைக்கார அக்காவும் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிஸ்கட் ஜாடிகளுக்கு மேலே அவர் கடையிலும் சூடப் பாக்கெட் சரம் தொங்குகிறது. சரக்கு குறைவது அவருக்கும் கவலைதான்.

எலி மேல் பழி வேண்டாம். சூடம் காற்றோடு போயிருக்கிறது. உருகி வழியாமல், கட்டியிலிருந்து நேரே ஆவியாகிப் போவது அதன் குணம். பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல் என்று இதற்குப் பெயர் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் பக்கத்து ஜாடியில் இருக்கிற சர்க்கரையும் வெள்ளைதான், கட்டிதான். அது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. சூடத்துக்கு மட்டும் என்ன அவசரம்?

சூடத்தின் ஒரு மூலக்கூறில் பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்சிஜன். இந்தக் கணக்கை 1830களில் சரியாகச் சொன்னவர் ழான் பாப்டிஸ்ட் துய்மா என்ற பிரெஞ்சுக்காரர். அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்று தெரிய மேலும் அறுபது வருஷம் ஆனது. 1893இல் ஜெர்மனியின் யூலியுஸ் பிரெட் அதைச் சொன்னார். ஆறு கார்பன்கள் வளையமாக நிற்கின்றன. வளையத்தின் எதிரெதிர் முனைகளை ஏழாவது கார்பன் மேலே பாலம் போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறது. மீதி மூன்றும் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாலம் இருப்பதால் வளையம் நெளிய முடியாது, மடங்க முடியாது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஏறக்குறைய உருண்டை.

அந்த உருண்டைதான் விஷயமே. சூடத்தின் குணங்களில் பாதிக்கு மேல் அதிலிருந்து வருபவை என்பேன். ஒரு பெட்டியில் கோலிக்குண்டுகளை நிரப்பினால் அவை அழகாக அடுக்கிக்கொள்ளும். ஆனால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள அவற்றுக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றும் உருளலாம். சூடக் கட்டிக்குள் நடப்பதும் அதுதான். பார்ப்பதற்குத் திடப்பொருள், உள்ளே ஒவ்வொரு மூலக்கூறும் தன் இடத்தில் நின்றபடியே சுற்றிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை மூலக்கூறு அப்படியில்லை. அதன் உடம்பெல்லாம் கொக்கிகள். பக்கத்தில் இருப்பதை இறுகப் பிடித்துக்கொண்டு நகராது.

“அப்படின்னா சூடம் சீக்கிரமா உருகணுமே சார்?” என்றார் தம்பி.

நல்ல கேள்வி, இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். உருகுவது என்றால் கட்டுக்குள் இருந்தவை சுதந்திரமாகச் சுழலவும் நகரவும் தொடங்குவது. சூடத்தில் சுழற்சி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. உருகுவதால் கிடைக்கும் ஆதாயம் கொஞ்சம்தான். ஆகவே அது உருக அவசரப்படுவதில்லை. தலைவலித் தைலத்தில் சூடத்துக்கு ஜோடியாக வரும் மெந்தாலை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறின் எடை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று, மெந்தால் 156, சூடம் 152. ஆனால் மெந்தால் 42 டிகிரியில் உருகிவிடும், சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலே போதும். சூடம் உருக 175 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்கு மேல் சுமார் முப்பது டிகிரி ஏறினால் கொதித்தே விடும். திரவமாக இருக்கும் காலம் அதற்கு அவ்வளவு குறுகியது. உருகப் பிடிவாதம், ஆவியாகத் தாராளம். இரண்டும் சேர்ந்துதான் டப்பா காலியாகிறது.

டப்பாவில் நாலு மிளகைப் போட்டு வைத்தால் சூடம் கரையாது என்பது வீட்டு வைத்தியம். அக்காவும் அதைத்தான் சொன்னார். ஆவியைப் பிடித்து நிறுத்தும் வேலை மிளகுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மிளகு போடுகிறவர்கள் மூடியையும் இறுக்கமாக மூடுகிறவர்களாக இருப்பார்கள், பலன் அதனுடையது. மூடிய டப்பாவுக்குள் ஆவி நிரம்பியதும், போகிற அளவே திரும்பிக் கட்டியில் படிய ஆரம்பித்துவிடும். மூடியின் உட்புறத்தில் சில நேரம் பொடிப்பொடியாக மின்னுகிறதே, அது திரும்பி வந்த சூடம்.

பேச்சோடு நிற்காமல் ஒன்றைச் செய்து காட்டினேன். அக்காவிடம் ஒரு எவர்சில்வர் தட்டை வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பும் போகும்வரை நன்றாக அலசி, நல்ல தண்ணீர் ஊற்றி பெஞ்சில் வைத்தேன். சூட வில்லை ஒன்றை நகத்தால் கிள்ளி, கடுகளவு துணுக்கைத் தண்ணீரில் போட்டேன். போட்டதும் துணுக்கு சும்மா இருக்கவில்லை. கிறுகிறுவென்று சுற்றியது, ஓரத்துக்கு ஓடியது, அங்கிருந்து வளைந்து திரும்பியது. இன்னொன்று போட்டதும் இரண்டும் ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டு ஓடின. தம்பி டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

உயிர் ஏதும் இல்லை. தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் இழுபட்ட நிலையில் இருக்கிறது. சூடம் தண்ணீரில் கரைவது மிகவும் கொஞ்சம், லிட்டருக்கு ஒரு கிராம் சொச்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் மேற்பரப்பில் படர்ந்து, படர்ந்த இடத்தில் இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. துணுக்கின் ஒரு பக்கம் அதிகமாகக் கரைந்தால் அந்தப் பக்கத்து இழுப்பு தளரும், எதிர்ப்பக்கத்துச் சுத்தத் தண்ணீர் துணுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சோப்புத் துணுக்கிலும் இது நடக்கும், ஆனால் ஒரே ஒரு ஓட்டத்தோடு சரி, பரப்பு முழுவதும் சோப்பாகிவிடும். சூடம் ஓடிக்கொண்டே இருக்கக் காரணம் அதே பழைய குணம்தான். படர்ந்த சூடம் ஆவியாகிப் போய், தண்ணீர் மறுபடி மறுபடி சுத்தமாகிறது.

அட்டையில் விரல் நீளத்துக்குப் படகு வெட்டி, அதன் பின்முனைப் பிளவில் ஒரு துணுக்குச் சூடத்தைச் செருகி விட்டால் துடுப்பில்லாமல் போகும். “நம்ம போட் ஹவுசுக்கு ஒண்ணு பெருசா செய்யலாமே சார்” என்றார் தம்பி. சுண்ணாம்பாற்றில் அது ஓடுமா என்பது சந்தேகம்தான். மோட்டார் படகு போகிற தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லாத இடம் எங்கே இருக்கிறது?

எண்ணெய் என்ன செய்யும் என்பதை அக்காவே காட்டிவிட்டார். வடை எடுத்த விரலால் தட்டை எட்டித் தொட்டார். அவ்வளவுதான், இரண்டு துணுக்குகளும் பிரேக் போட்டது மாதிரி நின்றுவிட்டன. கண்ணுக்கு எண்ணெய் தெரியவே இல்லை. பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டார். அவர் செய்தது பழைய, பெரிய சோதனை ஒன்று. 1890இல் இங்கிலாந்தில் ராலே பிரபு 84 சென்டிமீட்டர் அகலக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சூடத்தின் ஓட்டத்தை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் வேண்டும் என்று அளந்தார். மில்லிகிராமில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே போதுமாக இருந்தது. தொட்டியின் பரப்பு தெரியும், எண்ணெயின் எடை தெரியும். வகுத்துப் பார்த்தால் படலத்தின் தடிமன், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒன்றரைக் கூறுக்குக் கொஞ்சம் அதிகம். மூலக்கூறு என்று ஒன்று உண்டா என்றே சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், அது எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு தொட்டியும் கொஞ்சம் சூடமும் எண்ணெயும் விடை சொல்லிவிட்டன. ஆர்கான் வாயுவைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கென்னவோ இந்தத் தொட்டிச் சோதனைதான் அதைவிடப் பிடிக்கும்.

“சார், பொங்கல்ல போடறது, சாமிக்குக் கொளுத்தறது ரெண்டும் ஒண்ணா?” இது அக்கா கேட்டது.

ஒன்றில்லை, ஆனால் பங்காளிகள். பச்சைக் கற்பூரம் என்று பழைய நாளில் வந்தது போர்னியால் என்ற பொருள். சூடத்தைவிட அதில் ஹைட்ரஜன் இரண்டு அதிகம், மற்றபடி அதே பாலம் போட்ட உருண்டைதான். நைட்ரிக் அமிலத்தால் அந்த இரண்டு ஹைட்ரஜனை உருவிவிட்டால் போர்னியால் சூடமாக மாறிவிடும் என்று 1840இல் காட்டியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர், பெலூஸ். மரங்கள்தான் வேறு. பச்சைக் கற்பூரம் சுமத்ரா, போர்னியோ, மலேயாக் காடுகளில் வளரும் வானளாவிய மரத்தின் தண்டு வெடிப்புகளில் பளிங்குபோல உறைந்து கிடக்கும். எல்லா மரத்திலும் இருக்காது, வெட்டிப் பிளந்தால்தான் தெரியும். மலேயாவில் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகிறவர்கள் வழக்கமான பேச்சை விட்டுவிட்டு, அதற்கென்றே ஒரு தனிப் பேச்சு பேசுவார்களாம். வழக்கமான சொல் காதில் விழுந்தால் கற்பூரம் கிடைக்காது என்பது நம்பிக்கை.

அந்தச் சரக்கு கப்பலேறிய துறைமுகம் சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் பாரூஸ். இந்தோனேசியாவில் இன்றைக்கும் கற்பூரத்துக்குப் பெயர் ‘காப்பூர் பாரூஸ்’தான். பீரோவில் போடும் ரசக் கற்பூர உருண்டையையும் அதே பெயரால்தான் கேட்டு வாங்குகிறார்கள். பாரூசை ஒட்டிய லோபு துவாவில் 1873இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. எழுதியிருந்தது தமிழில். சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088, மாசி மாதம். திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கூடி, அங்கே வந்து சேரும் மரக்கலத்தின் தலைவனும் ஆட்களும் கஸ்தூரி விலைக்கு ஏற்பப் பொன் செலுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். முதலாம் குலோத்துங்கன் சோழ நாட்டை ஆண்ட காலம் அது. கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில். இரண்டு நூற்றாண்டு கழித்து வந்த மார்க்கோ போலோ, அந்தப் பக்கத்துக் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்கிறது என்று எழுதினார். நம்மவர்கள் கடல் தாண்டிப் போய் அங்கே கணக்குப்பிள்ளை வைத்து உட்கார்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நோணாங்குப்பத்திலிருந்து வடக்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறதே, அது இதைவிட ஆயிரம் வருஷம் மூத்த துறைமுகம். 1945இல் வீலர் என்ற தொல்லியலாளர் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஓடு நிலைத்தது, மணி நிலைத்தது. வாசனைச் சரக்கு எதுவும் போய் வந்திருந்தால் அது மண்ணுக்குள் தங்கியிருக்க வழியில்லை. ஆவியாகிப் போகிற பண்டத்துக்குத் தொல்லியல் சாட்சி கிடைப்பது கஷ்டம்.

சூடம் வந்தது வேறு மரத்திலிருந்து. சீனா, ஜப்பான், தைவான் காடுகளில் வளரும் கற்பூர மரம், நம் சமையல் பட்டைக்குச் சொந்தக்கார மரம். அதன் கட்டையைச் சிலாம்பு சிலாம்பாகச் செதுக்கி நீராவியில் வேகவைத்தால் சூடம் ஆவியோடு வந்து குளிர்ந்த இடத்தில் படியும். இது கொஞ்சம் மலிவு. சாமிக்குக் கொளுத்தவும் பூச்சி விரட்டவும் போதுமாக இருந்தது. 1870இல் அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை வாங்கியதும் கதை மாறிவிட்டது.

அமிலத்தில் ஊறவைத்த பஞ்சு ஒரு விறைத்த, எரியக் காத்திருக்கும் பொருள். அதோடு சூடத்தைச் சேர்த்துப் பிசைந்து சூடாக்கினால் நமது உருண்டை மூலக்கூறுகள் பஞ்சின் நீண்ட இழைகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும். இழைகள் வழுக்கிக்கொடுக்கும், விரும்பிய வடிவத்தில் வார்க்கலாம். சீப்பு, பொம்மை, மூக்குக்கண்ணாடிச் சட்டம், பிறகு சினிமா பிலிம். பிங்பாங் பந்து 2014வரைக்கும் செல்லுலாய்டுதான். உலகத்தின் வாசனையற்ற தொழில்கள் எல்லாம் சூடம் கேட்டு நின்றன. 1895இல் தைவானைப் பிடித்த ஜப்பான், 1899இல் அங்கே சூடத்தை அரசின் ஏகபோகமாக்கியது. நோபல் 1887இல் செய்த புகையில்லா வெடிமருந்திலும் பத்தில் ஒரு பங்கு சூடம் உண்டு.

அந்தப் பழைய பிலிம் எரிவதற்கு இப்போது காரணம் புரிந்திருக்கும். எரியாவிட்டாலும் அது நிற்பதில்லை. வருஷம் போகப் போக உள்ளே இருந்த சூடம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், பிலிம் சுருங்கும், மொறமொறத்து உடையும். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் என்று சொல்லப்படும் நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ உட்பட அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஒவ்வொன்றும் எப்படிப் போனது என்பது தனிக் கதை. ஆனால் தம்பியின் டப்பாவில் நடந்தது அந்தச் சுருள்களுக்குள்ளும் நடந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

சூடத்துக்குத் தைவான் என்ற ஒரே தீவை நம்பி இருக்க முடியுமா? பின்லாந்தின் குஸ்தாவ் கொம்பா 1903இல் சூடத்தை ஆய்வகத்திலேயே முழுக்கச் செய்து காட்டினார். தொழிற்சாலை பிடித்துக்கொண்டது வேறு வழி, பைன் மரம். பைன் பிசினைக் காய்ச்சினால் வரும் டர்பன்டைனில் ஆல்பா பைனீன் என்ற திரவம் இருக்கிறது. அதன் மூலக்கூறிலும் பத்து கார்பன்தான். வினையூக்கி சேர்த்துச் சூடேற்றினால் அணுக்கள் இடம் மாறி கேம்பீன் ஆகும். அசிட்டிக் அமிலம், காஸ்டிக் சோடா என்று இரண்டு படி தாண்டினால் ஐசோபோர்னியால். அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றினால் சூடம். பெலூஸ் பிடித்துக் காட்டிய அதே கடைசிப் படி. இந்தியாவில் 1960களில் பரேலியில் இந்தத் தொழில் வந்தது. நமக்குப் பக்கத்தில் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் 1992இல் தொடங்கிய காஞ்சி கற்பூரம் நிறுவனம் இருக்கிறது. இமயமலை அடிவாரத்தில் பைன் காடு ஏராளம், பிசினும் எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஜாதிப் பைனில் ஆல்பா பைனீன் குறைவு, கேரீன் என்ற வேறொன்றுதான் அதிகம். அதனால் மூலச்சரக்குக்கு வெளிநாட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அம்மன் சன்னதியில் நீங்கள் ஏற்றுவது பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டுப் பைன் மரத்தின் பிசின். இதைச் சொன்னதும் அக்கா முகம் சுருங்கியது. மரத்தில் பிறந்ததுதானே, வேறென்ன என்றேன்.

எரியும்போது என்ன நடக்கிறது? வில்லை நேரடியாக எரிவதில்லை, அதன் மேல் எழும் ஆவிதான் எரிகிறது. ஆவியாவதில் இவ்வளவு தாராளம் இருப்பதால்தான் திரி இல்லாமல், ஒரு தீக்குச்சியில் பிடித்துக்கொள்கிறது. சாம்பல் ஏன் மிஞ்சுவதில்லை? சாம்பல் என்பது மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய சுண்ணாம்பு, பொட்டாசியம் போன்ற உப்புகள். ஆவியாகி வந்து உறைந்த சூடத்தோடு அவை வருவதில்லை. கார்பனும் ஹைட்ரஜனும் காற்றோடு சேர்ந்து கரியமில வாயுவும் நீராவியுமாகப் போய்விடுகின்றன. மிச்சமே இல்லாமல் கரைவதற்கு உவமையாக இதைப் பிரசங்கத்தில் சொல்வார்கள். பாதி உண்மை. தட்டில் சாம்பல் இல்லைதான், ஆனால் மேலே பார்க்க வேண்டும். பத்து கார்பன் கொண்ட அடர்ந்த ஆவிக்குப் போதிய காற்று கிடைக்காமல், எரிந்தும் எரியாததுமாகக் கரி எழுந்து போகிறது. சூடத்தின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தால் அரை நிமிஷத்தில் உட்புறம் மையாகக் கறுத்துவிடும். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேர், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஆளுநர் வடம் பிடிக்கிற தேர். அங்கே திறந்த வெளியில் எவ்வளவு கொளுத்தினாலும் காற்று கொண்டுபோய்விடும். கருவறை அப்படியில்லை. சில பெரிய கோயில்களில் உள்ளே சூடத்தை நிறுத்திவிட்டு நெய் விளக்கில் ஆரத்தி காட்டுவது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

“மூக்கடைச்சா சூடம் மோந்தா தொறந்துக்குதே சார்?” தம்பி விடுவதாக இல்லை.

திறப்பதாகத் தோன்றும். தோலிலும் மூக்கிலும் சூட்டையும் குளிரையும் உணரச் சில புரதங்கள் இருக்கின்றன. மிளகாயின் காரத்தை உணர்வதும் அதில் ஒன்று. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. சூடம் அந்தப் புரதத்தைத் தட்டி எழுப்பி, கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகவும் வைக்கிறது. அதனால்தான் தைலம் தடவிய இடம் முதலில் சுறுசுறுவென்று சூடாகி வலி மந்தமாகிறது. கூட இருக்கும் மெந்தால் குளிர்ச்சியைப் பார்த்துக்கொள்கிறது. சளி இருந்த இடத்திலேயே இருக்கிறது, மூளைக்கு மட்டும் காற்று தாராளமாக வருவதாகச் செய்தி போகிறது. அதுவும் ஒரு நிம்மதிதான், நான் குறை சொல்லமாட்டேன். 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கி, பிறகு சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சனிலும் சூடம் உண்டு, விக்ஸிலும் உண்டு.

பாரிசில் ராஸ்பாய் என்றொருவர் இருந்தார். விஞ்ஞானி, புரட்சிக்காரர், 1848இல் பிரான்சின் ஜனாதிபதித் தேர்தலில்கூட நின்றார். எல்லா நோய்க்கும் கிருமி போன்ற நுண்ணுயிர்கள் காரணம், எல்லாவற்றுக்கும் மருந்து சூடம் என்று எழுதி, சூடம் அடைத்த சிகரெட்டை ஜனங்கள் வாயில் வைக்கச் செய்தார். முதல் பாதி எவ்வளவு தொலைநோக்கு, இரண்டாம் பாதி எவ்வளவு விபரீதம்! ஏனென்றால் சூடம் உடம்புக்குள் போனால் நரம்பைத் தாக்கும். 1934இல் புடாபெஸ்டில் மெதுனா என்ற மருத்துவர், வலிப்பு வந்தால் மனநோய் தணியும் என்று நம்பி, நோயாளிக்கு வலிப்பை வரவழைக்கவே எண்ணெயில் கரைத்த சூடத்தை ஊசியில் ஏற்றினார். வலிப்பு வந்தது. பின்னால் மின்சார அதிர்ச்சி சிகிச்சைக்கு வழி திறந்தது அந்த முயற்சிதான்.

அக்காவின் கேள்விக்கு இங்கே திரும்ப வேண்டும். சர்க்கரைப் பொங்கலுக்கும் பெருமாள் தீர்த்தத்துக்கும் போடுவது உணவுக்கென்று பாக்கெட்டில் எழுதியிருக்கும் பச்சைக் கற்பூரம் மட்டும், அதுவும் ஒரு பானைக்கு அரிசி முனை அளவு. கொளுத்துகிற சூடம் சமையலுக்குள் வரவே கூடாது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கலப்படத்தைப் பார்க்க டீக்கடையைவிட நல்ல ஆய்வகம் கிடையாது. வில்லையைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். சூடம் தண்ணீரைவிட ஒரு இம்மி லேசு, மிதக்கும். ரசக் கற்பூரமாகிய நாப்தலீன் மூழ்கிவிடும். மெழுகும் மிதக்குமே என்றால், அடுத்ததாகக் கொதிக்கிற வெந்நீரில் போடுங்கள். மெழுகு அறுபது டிகிரியை ஒட்டி உருகிப் படலமாகிவிடும், நாப்தலீன் எண்பதில் உருகும். சுத்தமான சூடம் 175 வரை அசராது என்பதால் கட்டியாகவே மிதந்துகொண்டிருக்கும். வெளியில் காற்றாட வைத்துச் செய்யுங்கள், ஆவி கண்ணைக் கரிக்கும். அக்கா சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்து அங்கேயே சோதித்தார். மிதந்தது, உருகவில்லை. அடுத்த பாக்கெட்டையும் கிழிக்கப் போனவரை தம்பி தடுத்தார்.

தம்பியின் வீட்டில் நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கிறது. அதனால் ஒன்றை அழுத்திச் சொன்னேன். வெள்ளையாக மிட்டாய் மாதிரி இருப்பதால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராமுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து வரலாம். ஐந்து நிமிஷத்திலும் வலிப்பு வரலாம், ஒன்றரை மணி நேரம் கழித்தும் வரலாம். சளி பிடித்த கைக்குழந்தையின் கழுத்தில் சூட முடிச்சைக் கட்டுவது, மூக்கடியில் தைலம் தடவுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்குள் இந்தத் தைலங்களே வேண்டாம். டப்பா சாமி மாடத்தில் எட்டாத உயரத்தில், திருகு மூடியோடு இருக்கட்டும். விழுங்கிவிட்டால் தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வலிப்பு வரும்போது வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஜிப்மர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வண்டியை விடுங்கள்.

“திருகு மூடி டப்பா எங்க கெடைக்கும்?” என்று தம்பி கேட்க, அக்கா காலியான ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார்.